எழுத வைப்பது எது, முடிக்க வைப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எழுத வருவோருக்கான கட்டுரைகள் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில மாதங்களாக வெளிவருகின்றன. எழுதும் ஆர்வத்தை எப்படித் தூண்டிக்கொள்வது, மனத்தடையை எப்படி விலக்குவது, தன்னம்பிக்கையை எப்படி வளர்ப்பது என்றே அவற்றில் பெரும்பாலானவை பேசுகின்றன. கைப்பிரதிகளைச் செம்மை செய்வதும், அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்தும் மெய்ப்புப் பார்ப்பதும் எங்கள் தொழில். எங்கள் மேசையிலிருந்து பார்த்தால், எழுதும் ஆர்வத்துக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. எழுதியதைத் திரும்ப எழுதும் பொறுமைக்குத்தான் பஞ்சம். இந்தப் பொறுமை பிறவிக் குணமும் இல்லை. ஒருவர் எதற்காக எழுத உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்தே அது வருகிறது, அல்லது வராமல் போகிறது. எதற்காக என்பதைக் கைப்பிரதியே காட்டிக்கொடுத்துவிடும். அதை எழுதுபவரே முன்கூட்டிக் கண்டுகொண்டால் வேலை பாதி எளிதாகும். அதற்கான வழிகளைச் சொல்லவே இந்தக் கடிதம்.

புகழுக்காக எழுதக் கூடாது, மனநிறைவுக்காக எழுத வேண்டும் என்று அறிவுரை சொல்வது வழக்கம். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கோபம், துக்கம், பெயர் வாங்கும் ஆசை, சொந்த ஊரைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு, யாருக்கோ பதில் சொல்லும் வேகம் என எதுவும் ஒருவரை எழுத வைக்கலாம். எதுவும் தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றும் பிரதியில் தன் தடத்தை விட்டுப்போகும். அதைத் துடைக்கும் வேலை இரண்டாம் வரைவில்தான் நடக்க முடியும்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். சொத்துத் தகராறு, சாதி இழிவு, அலுவலகத்தில் நடந்த அநீதி, முறிந்த மணவாழ்க்கை போன்றவற்றிலிருந்து பிறக்கும் நாவல்கள் வேகமாக எழுதி முடிக்கப்படுகின்றன. முதல் வரைவைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப்போகும் வலு கோபத்துக்கு உண்டு. சிக்கல் எதிராளியின் பாத்திரத்தில் வருகிறது. அவர் வரும் இடமெல்லாம் கத்துகிறார், மிரட்டுகிறார், குடிக்கிறார். நியாயமாகத் தோன்றும் ஒரு வாக்கியம்கூட அவர் வாயிலிருந்து வருவதில்லை. வாசகர் முப்பதாம் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார். மிச்சம் இருநூறு பக்கமும் சாட்சி விசாரணையாகப் போகிறது. இதைச் சரிசெய்ய நாங்கள் சொல்லும் வழி இது: அந்த எதிராளி தன் வீட்டில், கதைநாயகியைப் பற்றி நினைக்காமலே இருக்கும் ஒரு காலைப்பொழுதை 800 சொற்களில் தனியாக எழுதுங்கள். அவருக்கு யார் கடன் கொடுத்திருக்கிறார்கள், அவர் யாருக்குப் பயப்படுகிறார், எந்த மாத்திரை போடுகிறார், பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அதில் வரட்டும். அதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம். எழுதிவிட்டுப் பழைய வரைவுக்குத் திரும்பினால் போதும். அவர் பேசும் வசனங்களில் எவை பொய்யாக ஒலிக்கின்றன என்று அப்போது காதில் விழும். இப்படிச் செய்தால் கோபம் நீர்த்துப்போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நடப்பது வேறு. எதிராளி நம்பும்படி இருந்தால்தான் அவர் செய்யும் கொடுமை வாசகருக்கு உறைக்கும்.

ஊரைப் பதிவு செய்யும் ஆசை வேறுவிதமாகச் சறுக்கும். முதல் அறுபது பக்கங்களில் தெருக்கள், கோயில், கொடைவிழா, தின்பண்டங்கள், விளையாட்டுகள், பட்டப்பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஆனால் அங்கே யாரும் எதுவும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். தகவல் அருமையானதுதான். அதைச் சுமக்க ஒரு ஆள் இல்லாததால் வாசகர் மனதில் தங்காது. ஊரணி வடக்கே இருந்தது, அதில் அல்லி பூத்தது என்பது வெறும் குறிப்பு. குடத்தோடு போகும் பெண் எந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது, அதனால் எவ்வளவு தூரம் சுற்றினாள் என்று எழுதும்போது ஊரணியும் தெருவும் ஊரின் அதிகாரமும் ஒரே காட்சியில் வந்துவிடும். ஒவ்வொரு தகவலையும் யாராவது ஒருவர் காட்சியில் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு முதல் அறுபது பக்கத்தைத் திருத்தினால் அது இருபதாகக் குறையும். வெட்டியதை எறிய வேண்டாம். தனிக் கோப்பில் வைத்திருந்தால் கட்டுரைக்கு உதவும்.

பெயர் வாங்கும் ஆசை எழுத்துநடையைவிட நாட்காட்டியில்தான் அதிகம் விளையாடுகிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. வழக்கமாக ஜனவரியை ஒட்டி நடப்பதால் தமிழ்ப் பதிப்புலகமே ஜனவரியை நோக்கி ஓடுகிறது. கடைசி அத்தியாயம் எழுதப்படும் முன்பே வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் பதிவாகி, பேச்சாளர்கள் பெயரோடு அழைப்பிதழ் தயாராகிவிடும். கைப்பிரதி எங்கள் கைக்கு வரும்போது நவம்பர் கடைசி.

என்ன கெடுகிறது என்று பார்க்க, டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் 240 பக்கம் வரும் நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்குச் சுமார் 240 சொற்கள் என்றால் ஏறக்குறைய 57,600 சொற்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்கத்தை ஒரு பாரமாகக் கணக்கிட்டால் 15 பாரம். பிரதியை ஒழுங்காகச் செம்மை செய்ய மூன்றிலிருந்து நான்கு வாரம் வேண்டும். நாங்கள் எழுப்பும் கேள்விகளுக்கு நூலாசிரியர் பதில் எழுதவும் சில பகுதிகளை மாற்றி எழுதவும் இரண்டு வாரம். பக்க வடிவமைப்புக்கு ஒரு வாரம், முதல் மெய்ப்புக்குப் பத்து நாள், திருத்தங்களை ஏற்றி இரண்டாம் மெய்ப்புப் பார்க்க இன்னொரு வாரம், அச்சுக்கும் புத்தகம் கட்டுவதற்கும் இரண்டு வாரம். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஏறக்குறைய மூன்று மாதம். ஜனவரியில் புத்தகம் வேண்டுமென்றால் செப்டம்பர் முடிவதற்குள் முழுப் பிரதி கையில் இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் வரும் பிரதிக்கு முதலில் பலியாவது ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அடுத்து இரண்டாம் மெய்ப்பு.

இரண்டாம் மெய்ப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த பிரதியைப் பக்க வடிவமைப்புக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. மாற்றும்போது இடையில் வரும் ஆங்கில எழுத்துகள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். மேற்கோள் குறிகளும் கோடுகளும் வேறு ஏதாவதாகிவிடும். அதுபோக ஆசிரியரே கடைசி நேரத்தில் செய்யும் மாற்றங்கள். பாத்திரத்தின் பெயர் ராணி என்பது பிடிக்காமல், மீனா என்று ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றுவார். கணினி சொன்னதைச் செய்யும். மகாராணி 'மகாமீனா' ஆவார், பிராணி 'பிமீனா' ஆகும். முதல் மெய்ப்பு முடிந்த பிறகு இந்த மாற்றம் நடந்து, இரண்டாம் மெய்ப்பும் இல்லாவிட்டால் அது அப்படியே அச்சாகும். ஆகவே பெயர் மாற்றத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். வேற்றுமை உருபு சேர்ந்து ராணிக்கு, ராணியை, ராணியிடம் என்று வருவதால் ஒவ்வொன்றிலும் கண் வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் பணம் எவ்வளவு என்பதையும் புதியவர்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 250 ரூபாய் விலையில் 300 படிகள் அச்சிட்டு அத்தனையும் விற்றால், பத்து விழுக்காடு உரிமைத்தொகை 7,500 ரூபாய். ஒரு வருட உழைப்புக்கு இது வருமானமே ஆகாது. பெயர்பெற்ற எழுத்தாளர்களும் வேறு வேலையை நம்பியே எழுதினார்கள். லா.ச.ராமாமிர்தம் வங்கியில் வேலை பார்த்தார். தி.ஜானகிராமன் வானொலியில் இருந்தார். பூமணி கூட்டுறவுத் துறையில், இமையம் பள்ளி ஆசிரியராக. புதுமைப்பித்தன் பத்திரிகையையும் பிறகு திரைப்படத் துறையையும் நம்பியிருந்து, காசநோயோடும் வறுமையோடும் போராடி 1948இல் 42 வயதில் இறந்தார். வேலையை விட்டுவிட்டால்தான் முழுமனதோடு எழுத முடியும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சோற்றுக்கு வேறு வழி இருப்பவரால்தான் பிரதியை ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க முடிகிறது. வயதும் கடந்துபோய்விடவில்லை. கி.ராஜநாராயணன் முப்பதைத் தாண்டிய பிறகே கதை எழுத வந்தார்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். தட்டச்சுப் பழகியவருக்கு அந்த நேரத்தில் 300 சொற்கள் சிரமமில்லை. வாரத்துக்கு 1,500. நாற்பது வாரத்தில் 60,000, அதாவது ஒரு நாவலின் முதல் வரைவு. மீதி இரண்டு நாளில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். அவை உடம்புக்கும் வீட்டுக்கும் உரியவை. எந்த நேரம் என்பதைவிட தினமும் அதே நேரம் என்பதே முக்கியம். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல், நடுவில், அடுத்த இரண்டு வாக்கியம் என்ன என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார வேண்டியிருக்காது. தொடங்கும் முன் நேற்று எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் படியுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து படித்துத் திருத்தத் தொடங்கினால் 45 நிமிடமும் அதிலேயே போய்விடும். நாற்பது முறை மெருகேறிய முதல் அத்தியாயத்தோடு நின்றுபோகும் நாவல்கள் எல்லாம் இப்படி உருவாகின்றவைதான்.

சொற்கணக்கு முதல் வரைவுக்கு மட்டும்தான். மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதிய சிறுகதைகள் இரண்டு டஜனை ஒட்டித்தான் வரும். அதனால் அவர் குறைந்துபோய்விடவில்லை. நாள்தோறும் எத்தனை சொல் எழுதினோம் என்று பொதுவெளியில் அறிவிக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது. அறிவித்ததும் கிடைக்கும் பாராட்டு, வேலை முடிந்துவிட்டது போன்ற நிறைவைத் தந்துவிடும்.

15,000 சொற்களை ஒட்டி ஏறக்குறைய எல்லோரும் நிற்கிறார்கள். தொடக்கத்தில் மனதில் இருந்த காட்சிகள் தீர்ந்துபோகும் இடம் அது. இதைத்தான் 'மனத்தடை' என்று சொல்லி, பயணம் போகவும் இசை கேட்கவும் அறிவுரை வழங்கப்படுகிறது. நாங்கள் கண்டவரை, மனதைவிடத் தகவலில்தான் அடைப்பு இருக்கிறது. பாத்திரம் செய்யும் தொழிலைப் பற்றி எழுதுபவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது தீர்ந்துவிட்டது.

விசைத்தறிக் கூடத்தில் நடக்கும் கதைகளைப் பாருங்கள். இரண்டு பேர் ஓடும் தறிகளுக்கு நடுவே மெல்லிய குரலில் காதல் பேசுவார்கள். ஒருவர் பெருமூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். பத்துத் தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும் என்பது, ஒரு முறை வாசலில் போய் நின்றவருக்குத் தெரியும். அங்கே பேச்சுக்குப் பதில் கையசைவும் முகக்குறிப்பும்தான். அப்படியானால் காதல் எப்படி நடக்கும்? பாவில், அதாவது தறியின் நீளவாக்கு நூலில், இழை அறுந்து ஒரு தறியை நிறுத்தும்போது சத்தம் கொஞ்சம் குறையுமா? மின்சாரம் நின்று கூடமே திடீரென்று அமைதியாகும்போது, அதுவரை கத்திக்கொண்டிருந்தவரின் குரல் எல்லோருக்கும் கேட்டுவிடுமா? கதை இங்கேதான் மறுபடி ஓடத் தொடங்குகிறது. மின்வெட்டு நேரத்தில் வெளிப்பட்டுவிடும் ஒரு வாக்கியம், நாற்பது பக்கக் கிசுகிசுப்பைவிடப் பெரிய நிகழ்ச்சி.

ஆகவே நின்றுபோனால் களத்துக்குப் போங்கள். போகும்போது கேட்க வேண்டியது 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்பதல்ல. அதற்கு எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் பதிலைத்தான் சொல்வார்கள். காலையில் வந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள், எது அடிக்கடி பழுதாகும், பழுதானால் கூலியில் யார் பிடிப்பார்கள், புதிதாக வேலைக்கு வருபவர் செய்யும் முதல் தவறு எது, கையில் எந்த இடத்தில் காய்ப்பு வரும் என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பேசியவரின் வாழ்க்கையை அடையாளம் தெரியும்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். உறவுமுறை, வயது, தெரு, சம்பவம் நடந்த ஆண்டு ஆகியவற்றில் இரண்டையாவது மாற்ற வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும் ஆறு வாரம் தொடாதீர்கள். பிறகு 14 புள்ளி எழுத்தில், வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டு, காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படிக்கும்போது கண் தாவிவிடும். உரக்கப் படியுங்கள். தமிழில் இது மிக அவசியம், ஏனென்றால் நாம் எழுதும் மொழியும் பேசும் மொழியும் வேறு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் உரையாடல், வாயில் வைத்தால் மேடைப்பேச்சாக ஒலிக்கும். வட்டாரவழக்குக் குழப்பமும் உரக்கப் படித்தால்தான் பிடிபடும். 'ஏலே' என்று தொடங்கும் ஆள் மூன்றாம் பக்கத்தில் 'ஏனுங்க' என்பார். திருநெல்வேலிக்காரர் எப்போது கோயம்புத்தூருக்குப் போனார் என்று வாசகர் குழம்புவார். எழுத்துப்பிழைகளை இந்தச் சுற்றில் பார்க்க வேண்டாம். ஒற்று மிகுமிடம், ல-ள-ழ, ர-ற, ன-ண எல்லாவற்றையும் கடைசியில் தனியாகப் பார்க்கலாம். வெட்டப்போகும் பத்தியில் ஒற்றுப் போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

இந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது, எழுதியவர் தன்னை எங்கே காட்டிக்கொள்கிறார் என்பதை. ஒரு மாதிரிப் பத்தியை வைத்துச் சொல்கிறோம். நால்வர் கொண்ட குடும்பத்தில் மகனை இழந்த தாய். காலம் 1990கள், ரேஷன் அட்டை புத்தக வடிவில் இருந்த காலம். முதல் வரைவு இப்படி இருக்கும்:

'மகனை இழந்த கமலாவின் நெஞ்சம் சொல்லொணாத் துயரில் ஆழ்ந்தது. கண்ணீர் ஆறாய்ப் பெருகியது. இனி யாருக்காக வாழ்வது என்று ஏங்கினாள்.'

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை எந்தக் கதையில் வரும் எந்தத் தாய்க்கும் பொருத்தலாம். கமலா எங்கே நிற்கிறாள், கையில் என்ன இருக்கிறது, எதிரே இருக்கும் ஆளுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா, அவள் எந்தச் சொல்லைச் சொல்லாமல் தவிர்க்கிறாள் என்று நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுத் திரும்ப எழுதினால் இப்படி வரலாம்:

'கடைக்காரர் அட்டையைப் புரட்டினார். "சர்க்கரை நாலு பேருக்குப் போடவா?" என்றார். கமலா பையை விரித்துப் பிடித்தாள். "போடுங்க" என்றாள்.'

அட்டையில் மகனின் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. பெயரை நீக்கினால் சர்க்கரை அளவு குறையும், நீக்க வேண்டுமானால் இறப்புச் சான்றிதழோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அவள் 'போடுங்க' என்றது ஏழ்மையாலா, மகன் இறந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாததாலா என்று வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வடிவம் எழுதத் தெரிந்தவர் என்று பெயர் வாங்க முயல்கிறது. இரண்டாவதில் எழுதியவர் கண்ணிலேயே படவில்லை. ஒரு எழுத்தாளரின் மனநிலை என்று எதையாவது சொல்லலாமென்றால் எழுதியவர் தன்னிடமிருந்து பாத்திரத்திடம் நகரும் இந்த இடப்பெயர்ச்சியைத்தான் சொல்வோம். அது தியானத்தால் வருவதல்ல, இப்படிப் பத்தி பத்தியாக உட்கார்ந்து மாற்றுவதால் வருவது. எல்லாப் பத்தியையும் இப்படி ஆக்கிவிடவும் கூடாது. சில இடங்களில் 'அழுதாள்' என்ற ஒற்றைச் சொல்லே போதும்.

முகநூலில் பழகியவர்களின் பிரதியில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம் தெரிகிறது. 200 சொல் பதிவுக்கு முடிவில் ஒரு முத்தாய்ப்பு தேவைப்படுகிறது, விருப்பக்குறி விழுவது அதற்குத்தான். அந்தப் பழக்கத்தோடு நாவல் எழுதினால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பொன்மொழியில் முடியும், முப்பது அத்தியாயத்தில் முப்பது பொன்மொழி. பதிவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்குபவர்கள் ஒவ்வொரு பதிவின் கடைசிப் பத்தியையும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தில் எட்டு இடங்களில் அது இல்லாமலே பதிவு முழுமையாக இருக்கும். அப்படியான இடங்களில் தயங்காமல் வெட்டிவிடுங்கள். தொடக்கத்திலும் இதே சோதனை உதவும். அலாரம் அடிப்பது, மழை பெய்வது, பேருந்துக்குக் காத்திருப்பது என்று தொடங்கும் சிறுகதைகளில் கதை மூன்றாம் பத்தியில்தான் பிறக்கிறது.

பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் நீங்கள் எழுதிய தொழிலோ ஊரோ தெரிந்தவர். ஒருவர் நிறையப் படிப்பவர். இன்னொருவர் கதையே அதிகம் படிக்காதவர். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பெயரில் குழம்பினீர்கள், எங்கே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். மூவரில் இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு உறுதி. அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டியதில்லை, இடம் சரியாக இருந்தால் போதும்.

திருப்பி அனுப்பப்படும் கதைகளைப் பற்றி ஒரு சொல். இதழ்கள் ஒரு கதையை மறுக்கப் பல காரணங்கள் உண்டு. அளவு கூடியிருக்கலாம், அதே கருவில் வேறொரு கதை போன மாதம்தான் வந்திருக்கலாம், சிறப்பிதழ் வேலையில் இருக்கலாம். மறுப்பை வைத்துக் கதையின் தரத்தையோ தன் தகுதியையோ அளக்க முடியாது. ஒரு குறிப்பேட்டில் கதையின் பெயர், அனுப்பிய இதழ், தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால், அடுத்த கதைக்கு இரு இடத்திலும் கதவு அடைபடும்.

புத்தகம் வந்தால் போதும் என்ற மனநிலையில் ஒப்பந்தமே இல்லாமல் பிரதியைக் கொடுப்பவர்கள் பலர். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்ந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித்தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும். எழுதியவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு நீடிக்கிறது. ஆகவே அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் யாரிடம் என்பதைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொல்லில் மகளின் படிப்புச் செலவுக்கு ஆகக்கூடிய தொகை போய்விடலாம். சர்வதேசத் தரப் புத்தக எண் (ISBN) இந்தியாவில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. அந்த எண்ணுக்கென்று யாராவது கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இவற்றைத் தங்களுக்கு எழுதக் காரணம், எழுத நினைப்பவர்கள் பலர் முதலில் எட்டிப்பார்ப்பது நாளிதழின் ஞாயிறு இணைப்பைத்தான் என்பது. அங்கே ஊக்கமொழிகளுக்கு ஒதுக்கும் இடத்தில் மாதம் ஒரு முறையாவது ஒரு கதையின் முதல் வரைவிலிருந்து ஒரு பக்கத்தையும் அச்சான வடிவத்தையும் அருகருகே வெளியிட வேண்டுகிறோம். எது வெட்டப்பட்டது, எது இடம் மாறியது, ஏன் என்று 300 சொற்களில் ஒரு குறிப்பு கூடவே வரட்டும். தங்கள் இணைப்புக்குக் கதை அனுப்புவோருக்கான சொல் வரம்பையும், எத்தனை வாரத்தில் பதில் வரும் என்பதையும் அதே பக்கத்தின் அடியில் நிரந்தரமாக அச்சிட்டால், மாதக்கணக்கில் காத்திருந்து எழுதுவதையே விட்டுவிடும் சிலராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். முதல் வரைவைத் தரும் எழுத்தாளர்களைத் தாங்கள் ஏற்பாடு செய்தால், குறிப்புகளை எழுதித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம். இதற்குச் சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
பிரதி செம்மையாக்கத்திலும் மெய்ப்புத் திருத்தத்திலும் ஈடுபட்டுள்ள நண்பர்கள்,
சென்னை.